சூளைக்குள் வெறும் தாள்

அந்த அச்சகத்தில் சுத்தியல் சத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு தட்டு என்றால் ஒரு புள்ளி செத்தது என்று அர்த்தம்.

பார்வையில்லாதவர்கள் விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் புத்தகங்கள் அங்கே அச்சாகின. துத்தநாகத் தகட்டில் ஒரு இயந்திரம் புள்ளிகளைக் குத்தி எழுப்பும். அந்தத் தகட்டில் தடித்த தாளை வைத்து அழுத்தினால் தாளிலும் அதே புள்ளிகள் எழும்பும். தவறான இடத்தில் ஒரு புள்ளி முளைத்துவிட்டால் சின்னச் சுத்தியலால் அதன் மண்டையில் ஒரு தட்டு. படுத்துவிடும். பிழைதிருத்தம் அவ்வளவுதான்.

பிழையைக் கண்டுபிடிப்பவள் மேல்மாடியில் இருந்தாள். எல்லோரும் அவளைப் புள்ளியக்கா என்றார்கள். ஐந்து வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டு போனது. "உயிரைக் கேட்டு வந்துச்சு, கண்ணைக் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டோம்" என்று அவள் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சோற்றில் கிடக்கும் கல்லைப் பல் கண்டுபிடிப்பதுபோல, தாளில் கிடக்கும் பிழையைப் புள்ளியக்காவின் வலது ஆள்காட்டி விரல் கண்டுபிடிக்கும். வாயும் அதற்குச் சளைத்ததல்ல. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அச்சகத்தில் தரும் முதல் புத்திமதியே, "இயந்திரத்துல கைய விட்டாலும் விடு, அக்கா வாயில விழுந்துடாத" என்பதுதான்.

வேலை நடக்கும் விதம் இது. எதிரில் கண்ணுள்ள ஒருத்தி உட்கார்ந்து சாதாரண அச்சுப் பிரதியைச் சத்தமாக வாசிப்பாள். புள்ளியக்காவின் விரல் பிரெயில் தாளில் கூடவே ஓடும். காது கேட்பதும் விரல் தொடுவதும் ஒன்றாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் பக்கத்தில் சாத்தியிருக்கும் தடியை எடுத்துத் தரையில் ஒரு தட்டு. தரை பலகைத் தரை. கீழே தகடு குத்துகிறவருக்கு நன்றாகக் கேட்கும். ஒரு தட்டு என்றால் பிழை, மேலே வா. இரண்டு தட்டு என்றால் பிழையில்லை, அச்சேற்று. அவளுடைய இரண்டு தட்டு விழாமல் அந்த அச்சகத்திலிருந்து ஒரு தாள்கூட வெளியே போனதில்லை.

அவள் கல்யாணமே அந்தத் தடியால் நடந்ததுதான். தகடு குத்த வந்த புது ஆள் தகட்டுக்கு ஒரு பிழை விடுவார்; அதுவும் கடைசி வரியில் மட்டும். ஒவ்வொரு முறையும் தடி தட்டும், ஒவ்வொரு முறையும் அவர் படியேறி வருவார். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புள்ளியக்கா கேட்டாள்:

"கடைசி வரி வந்தா மட்டும் கை வழுக்குதோ?"

"ஆமாங்க. படியேற ஒரு சாக்கு வேணுமே."

இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள். ஆனால் சபை வேறு, அதனால் வேதாகமமும் வேறு. அவள் சபையின் வேதாகமத்தில் அறுபத்தாறு புத்தகங்கள். அவர் சபையில் அதற்குமேல் ஏழு. அவள் ஆட்கள் அந்த ஏழையும் தள்ளுபடி ஆகமங்கள் என்பார்கள். வாசிக்கலாம், ஆனால் தேவனுடைய வார்த்தை என்று எண்ணிவிடக் கூடாது. அவர் ஆட்களுக்கோ அதுவும் வேதம்தான். "உங்க புத்தகத்துல ஏழு குறையுது. எங்க வீட்டிலேர்ந்து நான் கொண்டுவர்ற சொத்து அதுதான்" என்பார் அவர். அந்த ஏழில் ஒன்றில், கண் தெரியாமல் போன ஒரு கிழவருக்கு மீன் பித்தத்தைத் தடவியதும் பார்வை திரும்பும். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று கத்துவார்: "மீன் வாங்கட்டுமா, பித்தம் மட்டும் போதுமா?" அவள் உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள்: "வாங்கிட்டு வா. உன் மூஞ்சியப் பார்த்துட்டு வேண்டாம்னு மறுபடியும் கண்ண மூடிக்கிறேன்."

அச்சகத்தை இரண்டு சபைகளும் சேர்ந்து நடத்திய காலம் அது. அந்த ஏழுக்கும் தகடு குத்தியவர் அவர்தான். பிழை பார்த்தது அவள். அவள் அதை வேலையாகத்தான் வாசித்தாள். விரல் ஓடியது, மனம் வேறெங்கோ இருந்தது.

பிறகு ஒரு குழந்தை பிறந்து, கண் திறக்காமலே போனது. அவர் இரண்டு சபைக்கும் போவதை நிறுத்தினார். ஜெபிக்கலாம் என்று யார் வந்தாலும் கூரையைக் காட்டுவார். "மேல யாரும் இல்ல. மாடியில இவ ஒருத்திதான் இருக்கா." அச்சகத்தில் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. கடைசி வரியில் பிழை விடுவதையும் அவர் நிறுத்திவிட்டார்.

ஒரு மதியம் அவர் குத்திய தகட்டில், வெகுகாலத்துக்குப் பிறகு, கடைசி வரியில் ஒரு பிழை இருந்தது. அவள் தட்டினாள். ஆள் வரவில்லை. இன்னொரு முறை தட்டினாள். வரவில்லை. வீம்பு பிடித்தவன், வரும்போது வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே அவர் இயந்திரத்தின்மேல் சாய்ந்திருந்தார். டீ கொண்டுபோனவள் பார்த்துத்தான் அலறினாள்.

அடக்கத்தை அவள் சபைப் போதகர் நடத்தினார். அவளுக்காக ஜெபித்தார், அவர் தங்கைக்காக ஜெபித்தார், அச்சகத்தாருக்காகவும் ஜெபித்தார். பெட்டிக்குள் இருந்தவருக்காக ஒரு வார்த்தையும் இல்லை. திரும்பும் வழியில் அவள் கேட்டாள். போதகர் நல்ல மனிதர்; குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"அம்மா, அவர் நம்ம ஜெபம் எட்டாத இடத்துக்குப் போயிட்டார். இருக்கிறவங்களுக்காகத்தான் நாம ஜெபிக்கலாம். செத்தவங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி வேதத்துல எங்கயும் இல்ல."

"அவங்க வேதத்துல இருக்காமே?"

"அது வேதம் இல்லம்மா."

அதோடு கதவு சாத்தியாகிவிட்டது. அவள் தட்டவும் இல்லை.

கதவு திறந்தேதான் இருக்கிறது என்று சாதித்தவள் ஒருத்தி இருந்தாள்: அவர் தங்கை, புள்ளியக்காவின் நாத்தனார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அச்சுப் பிரதியை வாசிப்பவளும் அவளேதான். அச்சகத்தில் இருவரையும் சேர்த்து 'கண்ணும் விரலும்' என்பார்கள். மாதம் தவறாமல் நாத்தனார் தன் கோயிலில் அண்ணன் பெயரைச் சொல்லிப் பூசை வைப்பாள். வந்ததும் சொல்லாமல் இருக்கமாட்டாள்.

"இன்னைக்கு அண்ணனுக்காக வேண்டிக்கிட்டாங்க, அண்ணி."

"விலாசம் மாத்திப் போன ஆளுக்குத் தபால் போட்டுக்கிட்டு இருக்க."

"நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்களேன்."

"எங்க ஊர்ல அந்தத் தபாலாபீசே கிடையாதுடி."

ஒருநாள் நாத்தனார் விடவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் கதையாகச் சொன்னாள். ஒரு போர். செத்துக் கிடந்த வீரர்களைப் புதைக்கப் போனார்கள். பார்த்தால் ஒவ்வொருவன் சட்டைக்கடியிலும் வேறு சாமியின் தாயத்து. அதனால்தான் செத்தார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"அப்ப, ஒழிஞ்சானுங்கன்னு விட்டுட்டு வந்திருக்கலாம்ல? வரல, அண்ணி. அங்கயே மண்டி போட்டு, இவங்க பாவத்தை மன்னிச்சுடுன்னு செத்தவனுங்களுக்காக வேண்டினாங்க. நம்ம தகட்டுலயே இருக்கு அது. அண்ணன் குத்தினது. நீங்க கைவெச்சுப் பார்த்தது."

"கைவெச்சுப் பார்த்தா வேதமாயிடுமா?"

"முதல்லேர்ந்து இருந்துச்சு. உங்க ஆளுங்கதான் நடுவுல பிடுங்கினாங்க."

"இல்லாததை உங்க ஆளுங்க சொருகினாங்க. பழைய மூலத்துலயே கிடையாதாம், போதகர் சொன்னார்."

"போதகருக்கு அண்ணனா செத்தார்?"

புள்ளியக்கா ஆறிப்போன டீயைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். புள்ளியக்காவுக்குக் கோபம் நாத்தனார்மேல் இல்லை. அந்த ஏழும் வேதம் என்றால் அவருக்காக இன்னும் ஏதாவது செய்யலாம். வேதமில்லை என்றால் அந்தப் பிற்பகல் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததோடு எல்லாம் முடிந்தது. இது இரண்டில் எது என்று யாராவது உறுதியாகச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

சொல்ல ஆள் வந்தார். புது மேலாளர். சின்ன வயது, பணிவான குரல், கீச்கீச்சென்று ஓசையிடும் காலணி. அந்தக் கீச்சு படியில் கேட்டாலே மாடியில் பேச்சு நின்றுவிடும்.

"அக்கா, கமிட்டியில முடிவாயிருச்சு. அவங்க சபை விலகிப் போயே எத்தனையோ வருஷமாச்சு. பழைய தகட்டுலேர்ந்தே புதுப் பதிப்பு போடறோம், நம்ம அறுபத்தாறு மட்டும்தான். அந்த ஏழோட தகடு சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. தட்டிச் சமமாக்கி, பள்ளிக்கூடப் பாடத்துக்குத் தகடாப் போட்டுக்கலாம்."

"தட்டுங்க. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"கூரை ஒழுகினப்ப ஒட்டியிருந்த சீட்டெல்லாம் உரிஞ்சு போச்சு. எது எந்தப் புத்தகம்னு எங்க கண்ணுக்குத் தெரியல. எல்லாம் ஒரே மாதிரி பொரி பொரியா இருக்கு. நீங்க பிரிச்சுக் குடுக்கணும்."

எதிர் நாற்காலியில் நாத்தனார் மூச்சை இழுத்துப் பிடித்தது புள்ளியக்காவுக்குக் கேட்டது. அவள் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "பிரிச்சுத் தர்றேன்."

மேலாளர் இறங்கிப்போன பிறகு நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "அண்ணனுக்கு இருந்த ஒரே கதவு, அண்ணி."

"இல்லாத கதவை எவ்வளவு நாள்டி சுவத்துல தடவிக்கிட்டு இருக்கறது?"

தகட்டறை கீழே, சன்னல் இல்லாத நீள அறை. உள்ளே போனதும் வாயில் காசைக் கடித்ததுபோல் ஒரு உலோகச் சுவை. இரண்டு பக்கமும் அலமாரி. புத்தக அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல் தகடுகள் நின்றன. புள்ளியக்கா ஒவ்வொன்றாக உருவி, முதல் இரண்டு வரியைத் தடவி, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று சொல்ல, சுத்தியல்காரர் வாங்கி அடுக்கினார். தட்டிச் சமமாக்குவதற்காகவே புதிதாக எடுத்த ஆள் அவர். அதிகம் பேசமாட்டார். தகடு கையில் வந்ததும் விரலால் ஒருமுறை சுண்டிப் பார்ப்பார். அது ஒவ்வொருமுறையும் 'ங்' என்று முனகும்.

வேகமாகப் பிரித்தாள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற வேகம். குருட்டுக் கிழவரும் மீனும் வந்தது, கொடுத்தாள். போர்க்கதை வந்தது. அதில் ஒரு தகட்டின் மூலை மடங்கியிருந்தது. அந்த மூலையை அவளுக்குத் தெரியும். அவர் அதைக் காலில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நொண்டினார். விரல் தானாக வரிகளுக்குள் இறங்கியது. செத்தவர்கள், சட்டைக்கடியில் தாயத்து, மண்டியிட்டவர்கள். சூட்டில் கைவைத்தவள்போல் கையை எடுத்துவிட்டு அதையும் கொடுத்தாள். சுத்தியல்காரர் சுண்டினார். அது முனகியது.

"ஏழும் வந்துருச்சா, அக்கா?" வாசலில் கீச்சு.

"வந்துருச்சு."

"தானியேல் நடுவுலயும் ஒரு பாட்டு இருக்காமே?"

அது உண்மைதான். தானியேல் புத்தகம் அறுபத்தாறிலும் உண்டு. ராஜாவின் சிலையை வணங்காத மூன்று பேரைக் கட்டி எரிகிற சூளைக்குள் போடுவார்கள். அவள் சபையின் பிரதியில், அவர்கள் விழுந்ததும் ராஜா பதறி எழுந்து உள்ளே பார்ப்பான். மூன்று பேருக்குப் பதில் நான்கு பேர் தீயில் உலாவுவார்கள். வெளியே வாருங்கள் என்று கூப்பிடுவான். மற்றப் பிரதியில், விழுந்ததற்கும் ராஜா எழுவதற்கும் நடுவில், அந்த மூவரும் தீக்குள் நின்று ஒரு நீண்ட பாட்டுப் பாடுவார்கள். பழைய தகடுகளில் அந்தப் பாட்டும் இருந்தது.

பாட்டு மட்டும் இருந்த தகடுகளை அவள் தனியே எடுத்தாள். தலையும் வாலும் மற்ற வரிகளோடு கலந்திருந்தன: ஒரு தகட்டில் கீழ்ப்பாதி, இன்னொன்றில் மேல்பாதி. எதிலிருந்து எதுவரை தட்ட வேண்டும் என்று மெழுகு நூல் ஒட்டிக் காட்டினாள். எல்லாவற்றையும் முடித்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. மனம் மட்டும் லேசாக இருந்ததாக அவளே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் அடி ஆரம்பித்தது.

ஒரு புள்ளிக்கு ஒரு தட்டு என்று பழகிய கட்டடம் அது. இப்போது கீழே இரும்புப் பாளத்தில் தகட்டை விரித்துப் போட்டு, பெரிய சுத்தியலால் வரி வரியாக அடித்தார்கள். மாடியில் டீக் கோப்பை தட்டிலிருந்து நகர்ந்தது. தடி சுவரிலிருந்து சரிந்து விழுந்தது. வேலை செய்தவர்கள் ஒருவருக்கொருவர் கத்திப் பேசினார்கள். சாயங்காலம் அடி நின்ற பிறகும் கத்தினார்கள். புள்ளியக்காவின் காதுக்கு அது வேறுமாதிரி கேட்டது. ஒரு தட்டு, பிழை. இன்னொரு தட்டு, பிழை. யாரோ கீழேயிருந்துகொண்டு அவளை வா, வா என்று கூப்பிடுவதுபோல் நாள் முழுக்க. "கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்டி" என்றாள் ஒருமுறை. "நீங்கதானே பிரிச்சுக் குடுத்தீங்க" என்றாள் நாத்தனார்.

அந்த வாரத்திலேயே புதுப் பதிப்பின் தாள்கள் மாதிரிக்கு வர ஆரம்பித்தன. வெளியீட்டுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. எங்கெங்கிருந்தோ பார்வையில்லாதவர்கள் வரப்போகிறார்கள், பந்தல் போட்டாகிறது, மேலாளரின் காலணி படியில் மேலும் கீழும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஆதியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து இரண்டு தட்டு, இரண்டு தட்டு என்று ஓடியது வேலை. தானியேலுக்கு வந்தார்கள். கீழே அடியும் ஓயவில்லை. வாசலைத் தாண்டி, அச்சான தாளை ஏற்ற வந்த வண்டியின் உறுமலும் சேர்ந்துகொண்டது.

நாத்தனார் புது அச்சுப் பிரதியிலிருந்து வாசித்தாள். அறுபத்தாறின் பிரதி. மூன்று பேரையும் கட்டினார்கள். விரல் கூடவே போனது. சூளையை ஏழு மடங்கு சூடாக்கினார்கள். விரல் போனது. மூவரும் கட்டுண்டபடியே தீயின் நடுவில் விழுந்தார்கள். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. அங்கே ஒன்றுமில்லை. வழவழவென்று வெறும் தாள். சரி, பாட்டின் தலையைத் தட்டிய இடம். அவள் அடுத்த தாளை எடுத்தாள். மேல்பாதி வெறும் தாள்; பாட்டின் வால். பாதிக்குக் கீழே ராஜா பதறி எழுந்தான். மூன்று பேரைத்தானே போட்டோம் என்று கேட்டான். ஆமாம் ராஜாவே என்றார்கள். தாளைத் திருப்பினாள்.

"நாலு பேர் உலாவறதைப் பார்க்கிறேன்னு ராஜா சொல்றான்" என்று நாத்தனார் வாசித்தாள்.

விரலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"இருடி. திரும்பச் சொல்லு."

நாத்தனார் திரும்பச் சொன்னாள். விரல் இடமிருந்து வலமாகப் போனது. கீழே இறங்கிப் போனது. பனி விழுந்த கண்ணாடிபோலக் குளிர்ந்த, மொட்டையான தாள்.

முதலில் அவள் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. விரல் நுனி மரத்துப்போனால் உடனே வரவேண்டும் என்று வைத்தியர் போன முறையே எச்சரித்திருந்தார். கையை நீட்டி நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அங்கே இருக்கும் மருவைத் தேடினாள். கிடைத்தது. அதன்மேல் முளைத்த ஒற்றை முடிகூடக் கிடைத்தது.

"என்ன அண்ணி?"

"என் விரல் உசுரோடதான் இருக்கு" என்றாள் புள்ளியக்கா. "தாள்தான் செத்துக் கிடக்கு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சிக்கனத்துக்காக அவர் சில தகடுகளை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் குத்தியிருந்தார். ஒரே உலோகத்தில், இந்தப் பக்கத்தின் மேடுகளுக்கு நடுவே அந்தப் பக்கத்தின் மேடுகள் பள்ளமாக இருக்கும். வாசிக்கத் தெரிந்த விரல் மேட்டை மட்டும்தான் எடுக்கும். பள்ளத்தைத் தொட்டாலும் தொடாததுபோல் தாண்டிப் போகும். அப்படித் தாண்டினால்தான் வாசிக்கவே முடியும். அன்று தகட்டறையில் அவள் விரலும் தாண்டிப் போயிருந்தது. முன்பக்கத்தில் பாட்டின்மேல் விழுந்த சுத்தியல், பின்பக்கத்தில் அதே இடத்தில் இருந்ததையும் சேர்த்துக் கொன்றிருந்தது. நான்கு பேர் உலாவியதும், ராஜா கூப்பிட்டதும், அவர்கள் வெளியே வந்ததும் அங்கேதான் இருந்தன.

மொட்டைத் தாளின் அடிக்குப் போனாள். அங்கே மறுபடி புள்ளிகள் தொடங்கின. ராஜாவின் கட்டளை. எதிர்த்துப் பேசுகிறவனைத் துண்டு துண்டாக வெட்டுவேன் என்ற மிரட்டல். அது மட்டும் ஒரு புள்ளி சிதையாமல் இருந்தது.

படியில் கீச்சு. மேலாளர் மூச்சிரைக்க வந்தார். "அக்கா, கீழே ஆளுங்க காத்திருக்காங்க. வண்டி நிக்குது. ரெண்டு தட்டு தட்டிடுங்க."

"மூணு பேர் தீயில விழுந்தாங்க, தம்பி. யாரும் வெளிய வரல."

அவள் விளக்கினாள். அவர் கேட்டார். காலணி ஒருமுறை கீச்சிட்டது.

"புதுத் தகடு குத்த இப்ப நேரமில்ல, அக்கா. தெரிஞ்ச கதைதானே. வெளிய வந்துட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சவனுக்கு எதுக்குப் புத்தகம்?"

"அடுத்த பதிப்புல போட்டுக்கலாம்."

"அதுவரைக்கும் அவங்க உள்ளயே கிடக்கட்டுமா?"

கீழே அடி விழுந்துகொண்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இப்ப எதை அடிக்கிறாங்க?"

"கடைசிக் கட்டு. அந்தப் போர்க்கதை. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்."

நாத்தனார் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. புள்ளியக்கா கை நீட்டித் தடியை எடுத்தாள். மேலாளர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

ஒரு தட்டு தட்டினாள்.

கீழே அடி நிற்கவில்லை. இன்னும் பலமாக, இன்னொரு முறை, ஒரே ஒரு தட்டு. அடி நிற்கவில்லை.

"கேக்காது, அக்கா. அவர் காதை அடைச்சுக்கிட்டுத்தான் அடிப்பார்" என்றார் மேலாளர். "ஏன், அதுல என்ன பிழை? அது நம்ம வேதமே இல்லையே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தடி கையில். தட்டியும் ஆள் வரவில்லை. இதே நாற்காலி, இதே தடி. முன்னொரு மதியம் வரும்போது வரட்டும் என்று உட்கார்ந்தாளே, அதேமாதிரி முதுகு நாற்காலியில் சாய்ந்தது. சாய்ந்ததும் நெருப்பில் உட்கார்ந்தவள்போல் எழுந்தாள்.

"அண்ணி, எங்க போறீங்க? கையப் பிடிங்க."

"எனக்குப் படி தெரியும்டி. அவன் ஏறின படிதானே."

படி முழுக்க அதிர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் கைப்பிடி அவள் உள்ளங்கையில் துள்ளியது. கீழே வந்ததும் வாயில் காசுச் சுவை. அவள் கூப்பிட்டாள்; குரல் அவளுக்கே கேட்கவில்லை. சத்தம் எங்கே பெரிதாக இருக்கிறதோ அதை நோக்கி நடந்தாள். காற்று முகத்தில் மோதி விலகியது. சுத்தியல் ஏறி இறங்கும் காற்று. இரும்புப் பாளத்தின் விளிம்பு இடுப்பில் இடித்தது. பின்னால் படியில் நாத்தனார் "அண்ணி!" என்று அலறினாள்.

புள்ளியக்கா இரண்டு கைகளையும் விரித்துப் பாளத்தின்மேல் வைத்தாள்.

அடி நின்றது.

கையின் கீழ் தகடு சூடாக இருந்தது. மேல்பாதி மொட்டை. இடது கை நகர்ந்து மூலையைத் தேடியது. மூலை மடங்கியிருந்தது. வலது விரல் மொட்டையில் வழுக்கிக் கீழே இறங்கி, ஒரு வரியில் முட்டி நின்றது. புள்ளிகள் நின்றுகொண்டிருந்தன. அதற்கடுத்த வரியும். செத்தவர்களைப் புதைக்க வந்தவர்கள், மண்டியிட்டவர்கள், அவர்கள் கேட்ட மன்னிப்பு.

அது வேதமா இல்லையா என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. அவள் அந்த வரியை வாய்விட்டு வாசித்தாள். 'அவர்களை' என்று வந்த இடத்தில் புருஷன் பெயரைச் சொன்னாள். முதல்முறையாகச் சொன்னாள், அவர் இறந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாசலில் நாத்தனாரின் விசும்பல் கேட்டது. சுத்தியல்காரரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. காதடைப்பை எடுத்தாரா என்றும் தெரியவில்லை. "அடிச்சு முடிங்க, நேரமாகுது" என்று மேலாளர் படியிலிருந்து கத்தினார், அவள் கை பாளத்தின்மேல் இருப்பது தெரியாமல்.

அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். சுத்தியல் அவள் கைக்கு மேலே எங்கோ நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு உயரத்தில் என்று அவளுக்குத் தெரியாது.